வில்லனுக்குப் போன குரல்

என் கணவரின் தம்பி ஆனந்தராசாவை எனக்கு முன்பே பிடிக்காது. கொழும்பில் சினிமாப் படங்களுக்கு இசை போடுகிறவனாம். எங்கள் கடற்கரைக் கிராமமான சல்லிக்கு வந்தால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவான். அந்த வருடம் மட்டும் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து, தமையனைப் பூனைக்குட்டி மாதிரிச் சுற்றினான்.

"அண்ணை, உங்கட அம்பாப் பாட்டைப் பிடிக்க வந்தனான். ஆகாயத்தில பறக்கிற வீரன்ர படம். இப்பிடி ஒண்டு எங்கட நாட்டில வரேல்ல."

என் கணவர் யோகராசாவுக்குத் தலைகால் புரியவில்லை. தோள்மூட்டு விலகியதிலிருந்து இவரால் கரைவலைக் கயிற்றைத் தொட முடியாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி குலசிங்கம் இவரை வைத்திருந்ததே குரலுக்காகத்தான். இவர் அம்பாவை எடுத்துக் கொடுத்தால், இரண்டு கயிற்றிலும் நிற்பவர்கள் பாட்டின் அடியைப் பிடித்து ஒன்றாக இழுப்பார்கள். அடி பிசகினால் வலை ஒருபக்கம், மீன் ஒருபக்கம். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் குரலால்.

படம் திருகோணமலைக்கு வந்தபோது சல்லியே பஸ் பிடித்துப் போனது. நான் கூறைச் சேலை கட்டினேன். வீரன் பறக்கும்போதெல்லாம் இவர் என் கையை அமுக்கினார். வயலின்தான் கேட்டது. பிறகு வில்லன் வந்தான், துறைமுகத்தையே விழுங்க வந்த முகமூடிக்காரன். அவனோடு வந்தது இவருடைய அம்பா. நாடாவை மெதுவாக ஓடவிட்டு, நங்கூரச் சங்கிலியின் கரகரப்பைக் கலந்து, கிணற்றுக்குள் விழுந்த மாடு அலறுவது போல ஆக்கியிருந்தான் பாவி! குழந்தைகள் வீரிட்டன.

"எங்கட அம்பாவடா! யோகண்ணையடா!" என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது. இவரும் சிரித்தார்.

மறுநாள் கரையில் இவர் வாயைத் திறந்ததும் ஒருவன் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு ஆடினான். இழுப்பவர்களுக்குச் சிரிப்பில் கை வழுகியது. அதற்கடுத்த நாளும் அதே கூத்து. வலை கோணி, சூடைமீன் அத்தனையும் கடலுக்கே திரும்பிப் போயிற்று.

குலசிங்கம் திட்டவில்லை. "யோகராசா, கோவிக்காதை. நீ பாடினா இவங்களுக்கு இழுக்க ஏலாது. கொஞ்ச நாள் வீட்டில நில்," என்றார்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? ஆனந்தராசாவின் புதுமை இசையைப் பத்திரிகைகள் புகழ்ந்தனவாம். அவன் அதன்பிறகு எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இவரைத் தேடி வந்தவர் கொட்டகைக்காரர் மட்டுந்தான். படத்துக்கு ஆள் சேர்க்க, ஒலிபெருக்கி கட்டிய காரில் இவரை ஏற்றி, உப்புவெளி வரைக்கும் வில்லனாக அலறவிட்டார். பின்னேரம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோர்வை மீன்.

"ஆர் தந்தது?"

"சந்தையில வாங்கினனான்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கடல் இரைச்சல் கேட்கிற குசினியில், கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் காசு கொடுத்து வாங்கிய மீனை வெட்ட உட்கார்ந்தேன்.