சத்தம் போடாத கூட்டம்

வெல்வெட் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்ற போஸ்டரை ஸ்லோவாக் குடியேறிகள் சங்க ஹாலின் கதவில் ஒட்டிய அன்றே எவனோ அதன் மேல் கெட்ச்சப்பை அப்பிவிட்டான். நான் இல்லை. நானாக இருந்தால் போஸ்டரையே கிழித்திருப்பேன்.

எஃகு ஆலை மூடிப்போன மெக்கீஸ்போர்ட்டில் எங்களுக்கென்று மிச்சமிருப்பது ஃபர்னஸ் மல்யுத்தக் கம்பெனி ஒன்றுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த மத்தியானம், அதே ஹால், அதே மடக்கு நாற்காலிகள். வெல்வெட் என்பது பிலடெல்ஃபியாக்காரர்களுடையது. அங்கே புகை விடுவார்கள், கலர் லைட் அடிப்பார்கள், சண்டைக்கு வருகிறவன் பல் விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி சிரிப்பான். இப்போது இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு கூட்டு ஷோ நடத்தப் போகிறார்களாம். கடைசி ஆட்டத்தில் எங்கள் மைலோ வார்கோவும் அவர்களுடைய ப்ரின்ஸ் டேவியனும் மோதுவார்கள், எங்கள் சாம்பியன் பெல்ட் பிலடெல்ஃபியாவுக்குப் போகும் என்று அதற்குள் செய்தி கசிந்துவிட்டது. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்துத்தான் ஆடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பேசி வைக்கிற இடத்தில்கூட எங்கள் ஆள்தான் தோற்க வேண்டுமா என்பதுதான் எங்கள் எரிச்சல்.

என் தம்பி ரீஜிஸ் இணையத்தில் மல்யுத்த நிகழ்ச்சி நடத்துகிறான். என் வீட்டு பேஸ்மென்டில், என் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நடத்துகிறான். அந்த வாரம் ரசிகர்கள் எழுதியதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினான். இது கூட்டு ஷோ இல்லை, கூட்டுக் கொள்ளை என்று ஒருவன். டேவியனுக்கு ஒரு குத்து ஒழுங்காக விடத் தெரியாது, முடியை மட்டும் நன்றாகச் சிலுப்புவான் என்று இன்னொருவன். மைலோவுக்குக் கழுத்து போய்விட்டது, இனி எவனிடம் தோற்றால் என்ன என்று மூன்றாவது ஒருவன். அந்த மூன்றாமவனை நாங்கள் இருவரும் சேர்ந்து திட்டினோம். அக்காவும் தம்பியும் ஒரே கட்சியில் இருந்தது அந்த வாரத்தோடு சரி.

"நாம ஊன்னு கத்தினா அது டேவியனுக்குத் தீனி, அக்கா," என்றான் ரீஜிஸ். "வில்லனுக்கு வேற என்ன வேணும்? அதனால கத்தவே கூடாது. மணி அடிச்சதுலேருந்து முடியற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தெறக்கக் கூடாது. எழவு வீடு மாதிரி உக்காந்திருப்போம். அந்த வீடியோவப் பாத்தா வெல்வெட்காரன் இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கமாட்டான்."

"மைலோ என்னடா பண்ணுவான் பாவம்?"

"மைலோவுக்காகத்தானே பண்றோம்! நீ மட்டும் சொதப்பிடாத. உன் வாய் மூடினாத்தான் ஹால் வாய் மூடும்."

அதில் பொய்யில்லை. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியைப் பார்த்தபடியே கடைசி சீட்டுப் பிசாசுகளை உட்கார வைக்கிற தொண்டை என்னுடையது. 'முன் வரிசை டோரீன்' என்றால் ரிங்குக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். நான் ஆரம்பித்தால் ஹால் பின்னால் வரும். சரி என்று தலையாட்டினேன். பிலடெல்ஃபியாக்காரனின் மூக்கை உடைக்க இதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் இருவருக்கும் மறந்துபோனது ஒன்று உண்டு. அந்த ஹாலின் பின்பக்கம் பாண்டு வாத்தியக்காரர்கள் உட்காருவதற்கென்று கட்டிய சின்ன மாடி ஒன்று இருக்கிறது. ஆட்டம் மந்தமாகி ஹால் தூங்க ஆரம்பித்தால் மைலோ படியேறி அந்த மாடிக் கைப்பிடி மேல் நின்று கீழே இருக்கிறவன் மேல் குதிப்பான். பிறகு எவன் தூங்குவான்? போன குளிர்காலத்தில் அப்படிக் குதித்தபோது விழுந்த விதம் சரியில்லை. கழுத்தில் அடி. அதற்குப் பிறகு மாடிப்பக்கமே போகமாட்டான் என்று கம்பெனி அறிவித்தது. அறிவித்தது கம்பெனி, மைலோ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. வெல்வெட் ரசிகர்கள் ஒரு பஸ் நிறைய வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எங்களைக் கண்காட்சி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மீன் சாண்ட்விச் ஒன்று வாங்கிக்கொண்டு என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். ரீஜிஸ் எங்கள் பகுதியின் கோடியில், ரிங்குக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எங்களில் எவன் வாயைத் திறக்கிறான் என்று கண்காணிப்பதற்காம். ஜெயில் வார்டன் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தால் இந்நேரம் பிழைத்திருப்பான்.

டேவியன் ஊதா நிற வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய பஸ் ஆட்கள் கத்தினார்கள். எங்கள் பக்கம் மூச்சு இல்லை. மைலோ வந்தான். அதற்கும் மூச்சு இல்லை. அவன் என் நாற்காலியைத் தாண்டும்போது வழக்கம்போல் கையை நீட்டினான், எப்போதும் அதில் தட்டுகிற நான் அன்று தட்டவில்லை. குனிந்து சாண்ட்விச் காகிதத்தைப் பிரித்தேன்.

எங்கள் அமைதியைப் பார்த்து பஸ் ஆட்களும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் அந்த ஹாலில் நான் எதையும் கேட்டதே இல்லை, கத்தியதோடு சரி. இப்போது பூட்ஸ் உராய்வது கேட்டது. ரிங்கின் பலகை முனகுவது கேட்டது. கயிற்றோரமாக, எனக்கு நேர் எதிரே, டேவியன் மைலோவின் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, இருவரும் வாயை அசைக்காமல் பேசிக்கொள்வதும் கேட்டது. எப்போதும் அப்படிப் பேசித்தான் ஆடுவார்கள். எங்கள் சத்தம்தான் அதை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"வலது கை மரத்துப்போச்சு," என்றான் மைலோ. "வெரல் இருக்கறதே தெரியல."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது தடவ விழுந்ததுலேருந்து."

"அப்ப முடிச்சிருவோம். இப்பவே உன்னச் சுருட்டிப் போடறேன். நடுவர் மூணு எண்ணட்டும், வீட்டுக்குப் போ."

"இந்த மயானத்துல என்னால முடிக்க முடியாது. என் ஊருடா இது. மாடிக்குப் போறேன். நீ கீழ வந்து நில்லு."

"பைத்தியமா உனக்கு? நான் நிக்கமாட்டேன்."

"நிக்காட்டி வெறுந்தரையில குதிக்கறேன்."

சொன்னவன் அவனை உதறிவிட்டுக் கயிற்றுக்கு அடியில் உருண்டு வெளியே வந்தான். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. மாடிப்படிக் கதவை நோக்கி நடந்தான்.

ரீஜிஸைப் பார்த்தேன். அவன் இன்னும் ரிங்குக்கு முதுகைக் காட்டியபடி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். மைலோ பேரைச் சொல்லிக் கத்தலாமா? கத்தினால் இன்னும் குஷியாக ஏறுவான். வேண்டாம் என்று கத்தினால் வேண்டும் என்று கேட்பான். அவனை எனக்குத் தெரியும். அவனுக்கு ஹால் விழித்துக்கொள்ள வேண்டும், கீழே இறங்கி வர ஒரு காரணம் வேண்டும். இந்த ஊரை எழுப்ப வெறுப்பைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

எழுந்து நின்றேன்.

"டேய் பிலடெல்ஃபியா! தியேட்டர் தெரச்சீலையக் கிழிச்சுப் போத்திக்கிட்டு வந்தவனே! ஒன்ன மாதிரி மூஞ்சிய எல்லாம் எங்க ஊர்ல குப்ப லாரில கூட ஏத்தமாட்டானுங்கடா!"

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது.

"அக்கா! வாய மூடு!" என்று ரீஜிஸ் பல்லைக் கடித்தான்.

"நீ மூடுடா!"

டேவியன் என்னைப் பார்த்தான். பிறகு மாடிப்படியைப் பார்த்தான். மறுபடியும் என்னைப் பார்த்தான். அவர்கள் பேசியது என் காதில் விழுந்துவிட்டது என்பது அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. முடியைச் சிலுப்பிக்கொண்டு கயிற்றின் மேல் சாய்ந்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்:

"என்ன, இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு எல்லாம் நாக்கு அறுந்துபோச்சா? கத்தறதுக்கு இந்தக் கெழவி ஒருத்திதான் மிச்சமா?"

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கிழவியாம். அடுத்ததாகச் செய்ததில் பாதி மைலோவுக்காக, பாதி எனக்காக. ரிங்குக்குள் எதையாவது எறிந்தால் ஆயுள் முழுக்க உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஃபர்னஸ்காரர்கள் விளையாட மாட்டார்கள். மீன் சாண்ட்விச்சைக் குறிபார்த்து எறிந்தேன். டார்டார் சாஸோடு அவன் நெற்றியில் போய் அப்பிக்கொண்டது.

ஹால் வெடித்தது. இந்த ஊரில் எஃகு ஆலை ஓடிய காலத்தில்கூட அப்படி ஒரு சத்தம் இருந்திருக்காது. ஊ என்ற சத்தம் கூரையை இடித்தது. மைலோ அதற்குள் மேலே போய்க் கைப்பிடியில் ஒரு காலை வைத்திருந்தான். டேவியன் அவனை அண்ணாந்து பார்த்து, நடுவர் மேசையில் இருந்த எங்கள் ஃபர்னஸ் பெல்ட்டை எடுத்தான். நிதானமாக, ஓரம் ஓரமாக, அதைக்கொண்டு முகத்து சாஸைத் துடைத்தான்.

எங்கள் பெல்ட்டால்! எனக்கே ஒரு நிமிடம் எல்லாம் மறந்து அவனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. மைலோ கைப்பிடியிலிருந்து காலை எடுத்தான். படி வழியாகவே தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். ரிங்குக்குள் நுழைந்த வேகத்தில் டேவியன் அவன் காலை வாரிச் சுருட்டிப் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவர் தட்டி முடிக்கிற வரைக்கும் டேவியனின் ஒரு கை மைலோவின் கழுத்துக்கு அடியில், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, அசையாமல் இருந்தது. எல்லோரும் அவனைத் திட்டுகிற அவசரத்தில் இருந்தார்கள். அந்தக் கையைப் பார்த்தது நான் ஒருத்திதான். அதையும் செக்யூரிட்டிப் பையன்கள் என்னை இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பித்தான் பார்த்தேன்.

மறுநாள் இணையத்தில் எனக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமில்லை. விலை போனவள், வெல்வெட்டின் கைக்கூலி, சாண்ட்விச்சைக்கூட அவர்கள்தான் வாங்கிக்கொடுத்தார்கள் என்று எழுதினார்கள். சத்தத்தைக் கேட்டு மயங்கிய இரண்டு கம்பெனியும் அடுத்த கூட்டு ஷோவை அறிவித்துவிட்டார்கள். அந்தப் பாவமும் என் தலையில்தான் விழுந்தது. ரீஜிஸ் என் பேஸ்மென்டில் உட்கார்ந்து என்னைத் திட்டி ஒரு நிகழ்ச்சி நடத்தினான். நான் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டேன்.

கேட்டதை அவனிடம் சொல்லத்தான் செய்தேன்.

"அதுவும் நாடகம்தான்," என்றான். "நீ கேக்கணும்னே பேசியிருக்கானுங்க. மல்யுத்தக்காரன் சொன்னத நம்பற வயசா உனக்கு?"

"கை தொங்கினதப் பாத்தேன்டா."

"கையத் தொங்கப்போடறது ஒரு பெரிய வித்தையா?" தன் கையைத் தொங்கப்போட்டுக் காட்டினான். மைக்கைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே எவன் வீட்டுக்கோ போய்விட்டான். இன்றுவரை பேசுவதில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரத்தில் மைலோவை சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கழுத்தில் காலர் போட்டிருந்தான். என்னைப் பார்ப்பதற்கு உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. நன்றி சொல்வான் என்று நினைத்தேன், மறைப்பானேன்.

"நாங்க பேசினத நீ கேட்டேன்னு டேவியன் சொன்னான், டோரீன்," என்றான். "அந்த ஆட்டம்தான் எனக்குக் கடைசி. இனிமே கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாடிலேருந்து முடிக்கணும்னு நெனச்சேன். சாகறவரைக்கும் ஊர் அதப் பேசியிருக்கும். இப்ப என்ன பேசறானுங்க தெரியுமா? மீன் சாண்ட்விச். என் பேரே வரல, ஒன் சாண்ட்விச்தான் வருது."

"குதிச்சிருந்தா நீ இங்க நின்னு பேசிக்கிட்டிருக்கமாட்ட."

"அது என் கழுத்து. ஒன்ன யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. என்னைக்கு நான் யார் கேட்டுக் கத்தினேன்?"

"என் மூஞ்சிலயே முழிக்காத," என்று சொல்லிவிட்டு சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். எனக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. பார்க்கிங் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அவன் முதுகைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஊ!" என்று கத்தினேன்.

மைலோ நிற்கவில்லை, திரும்பவுமில்லை. அன்றைக்கு மரத்துத் தொங்கிய வலது கையை வண்டியிலிருந்து எடுத்தான். தலைக்கு மேலே உயர்த்தி எனக்கு நடுவிரலைக் காட்டினான்.

மற்ற விரல்களெல்லாம் ஒழுங்காக மடங்கியிருந்தன. அந்த ஒரு விரல் மட்டும் நேராக நின்றது.