ஒத்திகை நோயாளி

'மயக்கம். பேசக் கூடாது, அசையக் கூடாது' என்று எழுதிய அட்டை கழுத்தில் தொங்க, தையல்காரி மைதானத்தின் மேல்வரிசைப் படிக்கட்டில் மல்லாந்து படுத்தாள். கால்பந்துப் போட்டிக்காக அடுத்த மாதம் உலகமே இந்த ஊருக்கு வரப்போகிறது. அத்தனை கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டால் அடிபட்டவர்களை எப்படித் தூக்கிப்போவது என்று பழகிப் பார்க்கிறார்கள். போட்டிக்கான கொடிகளைத் தைத்துக் கொடுத்த கடையிலிருந்தும் ஆள் கேட்டிருந்தார்கள். "சும்மா படுத்துக் கெடக்குற வேலைம்மா, அதுவும் கசக்குதா?" என்று முதலாளி அவளை அனுப்பிவிட்டார்.

பக்கத்தில் கால் முறிந்தவராக நடிக்க வந்த ஆள் ஊரையே கூட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் மூச்சு போதவில்லை. இத்தனை படி ஏறி வந்ததிலிருந்தே நெஞ்சு படபடவென்று அடித்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மிஷினை மிதிப்பாள்.

விசில் ஒலித்தது. ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"அம்மா, நான் பேசுறது கேக்குதா?"

கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. அக்காள்.

மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அம்மா வீட்டோடு படுத்துக் கிடந்த காலத்தில் அக்காள் வந்து பார்த்தது இரண்டே தடவை. சாவு வீட்டில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "ஊருக்கெல்லாம் நர்சு, பெத்தவளுக்கு மட்டும் விருந்தாளி" என்று இவள் சொன்னாள். அக்காள் செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான்.

மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் சட்டென்று நின்றன. முகத்தைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. எழுந்து போனால் ஒத்திகை கெடும், போகாவிட்டால் மானம் கெடும் என்று தையல்காரி தவித்தாள். விரல்கள் விலகின, திரும்ப வந்து அழுத்தின. இந்த முறை எடுக்கவே இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"உன்னத்தான்டி கேக்குறேன். நாடி தாறுமாறா ஓடுது."

"பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள், கண்ணை மூடியபடியே.

"கொழுப்பு மட்டும் கொறையல."

மேற்பார்வையாளர் வேகமாக வந்தார். "சிஸ்டர், ஒருத்தர்கிட்டயே நின்னா எப்படி?"

"இது நிஜம் சார்."

"நிஜம் மாதிரியே செய்யுங்க. அதுதான் வேணும்."

"மாதிரி இல்ல சார். இவ என் தங்கச்சி. நெஞ்சுத் துடிப்பு சரியில்ல."

அவர் குனிந்து அட்டையைப் படித்தார். "இதுல மயக்கம்னுதானே இருக்கு?"

அக்காள் அட்டையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைத் தானே பிடித்தாள். கீழே ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மைதான வாசல் வரைக்கும் போய்த் திரும்பத்தான் உத்தரவு என்று தலையைச் சொறிந்தார்.

"வாசல்ல டாக்டரா நிக்கிறாரு? நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே."

தலைப்பக்கத்தை உயர்த்தி, மூக்கில் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினாள். வண்டி கிளம்பியும் மணிக்கட்டை விடவில்லை. தையல்காரி முகமூடியை நகர்த்தினாள்.

"அம்மா கைய நீ இப்படிப் பிடிச்சதே இல்ல."

"வந்த ரெண்டு தடவையும் பிடிச்சேன். ரெண்டாவது தடவையே தேறாதுன்னு தெரிஞ்சுபோச்சு. நீ மருந்தோட வந்து நின்னு, 'சரியாயிடும்லக்கா'ன்னு கேட்ட. உன் முகத்தப் பாத்து எப்படிடி சொல்வேன்? அப்புறம் வரவே கால் எழும்பல."

வண்டி ஒரு திருப்பத்தில் குலுங்கியது.

"எனக்கு?" என்றாள் தையல்காரி. "எனக்குச் சரியாயிடுமா?"

"இதுக்கு மாத்திரை இருக்கு. சரியாயிடும். மொதல்ல அந்த மூடிய மாட்டு."

தையல்காரி அக்காளின் முகத்தையே பார்த்தாள். நர்சு சொல்வதா, அக்காள் சொல்வதா என்று பிடிபடவில்லை. முகமூடியைத் தானே சரியாக இழுத்து மாட்டிக்கொண்டாள்.

வெளியே யாரோ கத்தினார்கள். விருந்தாளிகளுக்காகப் போட்ட புதுச் சாலையில் வெள்ளைக் கோடு தீட்டிக்கொண்டிருந்தவர்கள், சைரனைக் கேட்டதும் குறுக்கே கட்டிய கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள். ஈரம் காயாத பெயிண்டின் மேலேயே ஏறிப் போனது வண்டி. பின்கண்ணாடி வழியே, கரிய சாலையில் இரண்டு வெள்ளைத் தடங்கள் அவர்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.