கல்லுக்குள் போய் வந்தவள்

இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது, அந்த வலியோடுதான் அவள் கல்லுக்குள் போனாள். விரல் நீளமே உள்ள கல். எரிவாயு தேடிப் போட்ட ஆழ்துளையின் அடியிலிருந்து வந்த பாறையை உருளையாக அறுத்து, ரப்பர் உறை மாட்டி, இரும்புக் கூட்டில் இறுக்கி, ஒரு முனையில் வாயுவை அழுத்திவிட்டு, மறுமுனையில் அழுத்தமானியின் முள் எப்போது ஏறும் என்று பார்த்திருப்பது அவள் பிழைப்பு. நல்ல மணற்கல் என்றால் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். இதுவோ கருமி கை மாதிரி, மாதக்கணக்கில் எதையும் விடவில்லை.

போன முறை முள் சடசடவென்று ஏற, ஆய்வுக்கூடமே மிட்டாய் தின்றது. அப்புறம் பார்த்தால் வாயு கல்லுக்குள் போகவே இல்லை. கல்லுக்கும் உறைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நழுவி ஓடியிருந்தது. "கல்லு விடல, ரப்பர் விட்டுடுச்சு. அதுக்கு மிட்டாய் வேற!" என்றார் மேலாளர். உறை மாட்டியவள் அவள். அன்றிலிருந்து ரப்பரம்மா ஆனாள். இந்த முறையும் ஏறாவிட்டால் துளையைச் சிமென்ட் போட்டு மூடிவிடுவார்கள். துளைத்த ஆட்கள், அவள் புருஷன் உட்பட, வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதனால் உறையை நன்றாக இறுக்கிவிட்டு, வாயுவோடு தானும் குழாய்க்குள் நுழைந்தாள். முதலில் கை, பிறகு தோள். பக்கத்து மேசையில் கல் நிறுக்கும் தங்கை நிமிர்ந்து, "அக்கா, சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றாள்.

உள்ளே ஒரு தலைமுடி வந்தால் யானை வந்த மாதிரி. அத்தனை நெருக்கம். முட்டுச்சந்துகளில் முட்டித் திரும்பி, களிமண் அடைத்த இடங்களில் ஒருக்களித்துத் தேய்த்துக்கொண்டு போனாள். பாதி வழியில் மூச்சு தீர்ந்தது. கல்லைத் தட்டினாள். தங்கை குழாயில் வாய் வைத்துத் தன் மூச்சை முழுசாக ஊதிக் கொடுத்தாள். "இந்தா பிடி. திருப்பிக் குடுத்துடணும். என் குடைய அமுக்கின மாதிரி இதையும் அமுக்கிடாத!"

அதைப் பிடித்துக்கொண்டே மறுமுனைக்கு வந்து சேர்ந்தாள். முள் ஏறியது, மெதுவாக, நேராக. மேலாளர் நம்பாமல் உறையை மேலும் இறுக்கினார். முள் அசராமல் ஏறியது. "கல்லுதாம்மா விடுது! கல்லேதான்!" என்று கத்தினார். தலையெல்லாம் பாறைத்தூளாக வெளியே வந்தவளைத் துளை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். புருஷன் முன்னால் நடந்து வழிவிடச் சொன்னான்.

இன்று ஊரில் பாதி அடுப்பு அந்தத் துளையின் வாயுவில் எரிகிறது. எங்கெங்கிருந்தோ இறுகிய கற்கள் அவளைத் தேடி வருகின்றன. உள்ளே போகும் நாட்களுக்கு வருகைப் பதிவில் 'வெளிவேலை' என்று போடுகிறார்கள். தங்கை மூச்சில்லாமலே வேலைக்கு வருகிறாள், சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். அக்கா அவளுக்கு இன்னும் ஒரு மூச்சு பாக்கி.