அண்ணி அனுப்பும் வண்டிகள்

இந்த மாதம் அண்ணி அனுப்பிய நான்காவது வண்டி அது. "உங்க அண்ணிதான் சொன்னாங்க, பழைய கார்னா இன்ஜெக்டரை முன்கூட்டியே சுத்தம் பண்ணிடணுமாமே" என்றார், அதை ஓட்டி வந்த வாத்தியார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஸ்டார்ட் ஆகுதா? இழுக்குதா? பெட்ரோல் அதிகமாக் குடிக்குதா?"

"ஒரு குறையும் இல்லைங்க."

"அப்புறம் என்ன கேடு? நல்லா ஓடுற வண்டியை எதுக்குக் கழட்டணும்? எடுத்துட்டுக் கிளம்புங்க சார்."

பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். மூன்று வருடத்துக்கு முன் இதே பட்டறையில் அண்ணனிடம் நான் வேறு பாட்டுப் பாடினேன். அவனுடைய கார் பதினாறு வயதுப் பழசு, ஆனால் மணி மாதிரி ஓடியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். "இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணிடலாம், விட்டுட்டுப் போ" என்றேன். "அண்ணிகிட்ட மூச்சு விடாதே. இந்த டப்பாவுக்கு இன்னும் செலவான்னு கத்துவா" என்று சிரித்துச் சாவியைக் கொடுத்தான்.

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினால் அதிலுள்ள ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். பழையது இறுகிப் போயிருக்கும், பெட்ரோல் கசியும். அன்று பட்டறையில் புது வளையம் இல்லை. அவனோ சாயங்காலமே வண்டி வேண்டும் என்றான். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பழையதையே போட்டு அனுப்பினேன். வீடு போய்ச் சேருமுன் கார் தீப்பிடித்தது. அண்ணன் வெளியே வரவில்லை.

பழைய வண்டி, ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்றார்கள் எல்லோரும். நானும் தலையை ஆட்டினேன், பாவி. இப்போதும் வேலைக்கு நடுவே வாசலில் அவன் கார் நின்று ஓடுகிற சத்தம் கேட்கும். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். தெரு காலியாக இருக்கும்.

வாத்தியார் போன கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம் கேட்டது. இந்த முறை நிஜமாகவே ஒரு கார் நின்றது. அண்ணி இறங்கினார்.

"பிள்ளைங்களை ஸ்கூல்ல விட வாங்கினேன் தம்பி. பழசுதான். இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணிக் குடுங்க. அவரும் அன்னிக்கு உங்ககிட்ட வண்டியை விட்டிருந்தார்னா..." என்று சாவியை நீட்டினார்.

நான் சாவியை வாங்கவில்லை.

"விட்டான் அண்ணி" என்றேன். ரப்பர் வளையம் வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

அண்ணி பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாதி வழியில எனக்குப் போன் பண்ணினார். பெட்ரோல் வாசனை அடிக்குதுன்னார். எனக்கென்ன தெரியும், உங்க தம்பியைக் கேளுங்கன்னு எரிஞ்சு விழுந்து போனை வெச்சுட்டேன். நின்னு பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இத்தனை நாளா செத்துட்டிருக்கேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களைக் கேட்டாரா தம்பி?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பித்துவிடலாம். அந்தப் பாரம் அண்ணி தலையிலேயே கிடக்கும்.

"கேட்டான் அண்ணி. சுத்தம் பண்ணின புதுசுல அப்படித்தான் அடிக்கும், பயப்படாம ஓட்டுன்னு சொன்னேன்."