எந்த விரல்?

நாமகிரிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி வைத்தியர் வீட்டுக்குப் பாதி தூரம் நடந்த பிறகுதான் பார்த்தேன். அம்மாவின் இடது காலில் செருப்பு இல்லை.

சித்திரை வெயில், மணி பன்னிரண்டு. அந்தத் தார் ரோட்டில் யார் வெறுங்காலை வைத்தாலும் துள்ளிக் குதிப்பார்கள். அம்மா சாவகாசமாக நடந்துகொண்டிருந்தாள்.

"செருப்பு எங்கம்மா?"

குனிந்து பார்த்தாள். "அட, எங்க கழண்டுச்சுன்னே தெரியலையே கண்ணு."

ஓடினேன். டீக்கடைக்கு முன்னால் கிடந்தது. கையில் பிடிக்க முடியாத சூடு.

"கால் சுடலையா உனக்கு?"

"மதமதன்னு இருக்குது. நாலு நாளா அப்படித்தான். வலியும் கொஞ்சம் கம்மி, அதனால இருக்கும்."

அம்மா இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடை குடோனில் பதினாறு வருடமாகத் தரையில் உட்கார்ந்து சேலை மடிக்கிறாள். நான் அதே கடையில் போனைப் பிடித்துக்கொண்டு லைவில் சேலை விற்கிறேன். ஒரு வருடமாக அவளுக்கு இடுப்பிலிருந்து இடது கால் வரை வலி. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதும் நானே களத்தில் இறங்கிவிட்டேன். ரீல்ஸில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே ஆர்டர். முதுகில் கப் வைத்து உறிஞ்சியதில் இரண்டு வாரம் ஊதா வட்டங்களோடு திரிந்தாள். ஆட்டையாம்பட்டியில் ஒருத்தர் காதில் வெந்தயம் ஒட்டி அமுக்கச் சொன்னார், குளித்ததில் போய்விட்டது. அப்புறம் கிடைத்தவர்தான் இந்த சண்முகவேல் வைத்தியர். இரண்டு வாரம் எண்ணெய் போட்டு நீவுவார். மூன்றாவது வாரம் காலைப் பிடித்து ஒரே இழுப்பு.

இன்றைக்கு மூன்றாவது வாரம்.

வைத்தியர் காசு வாங்குவதில்லை. வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். போன இரண்டு தடவையும் "எப்படி இருக்குது அம்மிணி?" என்று கேட்டார். அம்மா "பரவால்லீங்க" என்றாள். நான் அதை நம்பி, 'அம்மா ஏறக்குறைய நார்மல்!' என்று வீடியோ போட்டேன்.

"அம்மா, கால் மரத்துப்போனதை அவருகிட்டச் சொல்லிடு."

"சும்மா இருடா. காசு கூட வாங்காம பண்றாரு. அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா சரியாகலைன்னு எப்படிச் சொல்றது? ஒரு இழுப்புதானே? முடிஞ்சிரும்."

"நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"என் மானத்தை வாங்காத யோகேசு."

வைத்தியர் வீட்டு ஓட்டுச் சாய்ப்பில் ஒருத்தர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தம்பி, அந்த வீடியோ நீங்க போட்டதுதானுங்களே? நான் நவநீதகிருஷ்ணன், போர் போடற ரிக் வண்டி ஓட்டறேன். அதைப் பாத்துட்டுத்தான் கழுத்தைத் தூக்கிட்டு வந்தேன். அம்மா நல்லாயிட்டாங்களா?"

"நல்லாயிட்டேனுங்க," என்றாள் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள்.

வைத்தியர் அவளைப் பாயில் படுக்க வைத்தார். கணுக்காலில் துண்டைச் சுற்றினார். ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொண்டார்.

"எப்படி இருக்குது அம்மிணி?"

"பரவால்லீங்க."

"அப்ப இழுத்தரலாம். மூச்சை உள்ள இழு."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துண்டு விறைத்தது.

"இழுக்காதீங்க!" என் குரல் கீச்சென்று வந்தது. "அம்மா பொய் சொல்றாங்க. வர்ற வழியில செருப்பு கழண்டது கூட அவங்களுக்குத் தெரியலைங்க. வெயில்ல வெறுங்கால்ல நடந்து வந்தாங்க."

நவநீதகிருஷ்ணன் என்னையே பார்த்தார். அம்மா கண்ணைத் திறக்காமல், "அவன் எதுக்கெடுத்தாலும் பயப்படுவானுங்க," என்றாள்.

வைத்தியர் துண்டைத் தளர்த்தினார். தட்டிலிருந்து ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எடுத்தார்.

"கண்ணைத் திறக்காத. இப்ப எந்த விரலைத் தொடறேன்?"

"சுண்டு விரலுங்க."

அவர் கட்டைவிரலைத்தான் தொட்டிருந்தார்.

"இப்ப?"

"நடு விரலுங்க," என்றாள் அம்மா, மரியாதையாக.

காம்பு அவர் மடியில் இருந்தது. இரண்டு கையையும் காலிலிருந்து எடுத்து அந்தரத்தில் வைத்திருந்தார்.

வைத்தியரின் நெற்றி வியர்த்திருந்தது.

"அம்மிணி, ஒண்ணுக்குப் போறது உனக்குத் தெரியுதா?"

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு நாளா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குதுங்க."

"எங்கிட்டப் பரவால்லீங்கன்னு சொன்னியே! இழுத்திருந்தேன்னா என்னாயிருக்கும்? நான் என்ன சாமியா, உன் மனசுக்குள்ள இருக்கறதைப் பாக்கறதுக்கு?" திட்டிக்கொண்டே அவளுக்குத் தலையணையைச் சரி செய்தார். என்னிடம் திரும்பினார். "இது நரம்புக் கோளாறு சாமி. என் கை வேலை இல்ல. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. பஸ்ஸுல குலுங்கிட்டுப் போவாதீங்க."

"வெளிய நம்ம கார் நிக்குது, அதுல ஏத்துங்க தம்பி," என்று நவநீதகிருஷ்ணன் எழுந்தார். என் வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பின் சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்தோம். அவள் கால் என் மடியில். ராசிபுரம் வருவதற்குள் அந்த வீடியோவை அழித்தேன். அப்புறம் அவள் கால் கட்டைவிரலை நகத்தால் அழுத்தினேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு."

இன்னும் பலமாக அழுத்தினேன். நகம் பதிந்து தோல் வெளுத்தது.

"இப்ப?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கண் கலங்கியதைப் பார்த்திருப்பாள்.

"வலிக்குதுடா," என்றாள்.

அதையும் என்னால் நம்ப முடியவில்லை.

"சீக்கிரம் போங்கண்ணா," என்றேன்.