மூடாமல் வைக்க வேண்டிய பெட்டி

மச்சான் துல்லியோவின் சிவப்பு நீர்விமானத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று எர்மான்னோவுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி லொரெதானா குங்குமப்பூ போட்டு, வெண்ணெய் மிதக்க ரிஸோட்டோச் சோறு கிண்டியிருந்தாள். அவருக்கு மிகவும் பிடித்தது. இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

ஒன்பது வருடமாக அந்த ஏரிக்கரை ஊரில் மாதிரி விமானம் என்றால் எர்மான்னோதான். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய மனிதர், எந்தப் பந்தய விமானத்தின் இறக்கையில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒவ்வொரு மே மாதமும் மாதிரிக்காரர் சங்கத்தில் போட்டி நடக்கும். ஜெயிக்கிற விமானம் படகுத்துறையின் கண்ணாடிப் பேழையில் ஒரு வருடம் நிற்கும். மிலானிலிருந்து வருகிறவர்கள் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைத்தான் பார்ப்பார்கள். பேழையின் சாவி ஒன்பது வருடமாக எர்மான்னோவின் கொத்தில் தொங்குகிறது. வீட்டுச் சாவியைத் தொலைத்திருக்கிறார், அதை ஒருநாளும் தொலைத்ததில்லை.

இப்போது இந்தத் துல்லியோ. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். மாதிரி விமானம் கட்டத் தொடங்கி இரண்டே வருடம். ஆனால் அந்தச் சிவப்பு! உள்ளங்கை நீள விமானத்தில், முகம் பார்க்கலாம் போல ஒரு சிவப்பு. மிதவை இரண்டும் உடம்போடு சேருகிற இடத்தில் பட்டி வைத்த சுவடே தெரியவில்லை. வால் சிறகில் கையால் எழுதிய ஏழாம் எண், அச்சடித்தது போல நின்றது. எர்மான்னோ பூதக்கண்ணாடி வைத்துக் குறை தேடினார். கிடைக்காததால் வயிறு இன்னும் எரிந்தது.

அதைவிட எரிந்தது வேறொன்று. முப்பத்தாறு வருடத்தில் தன் விமானம் ஒன்றைக்கூட நின்று பார்க்காத லொரெதானா, தம்பியோடு கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்று அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வியாழக்கிழமை தவறாமல் அவன் ஷெட்டுக்கும் போய்விடுகிறாள். பெண்டாட்டியை இழந்தவன், வீட்டை ஒழுங்குபடுத்த ஆள் இல்லை என்பாள். மச்சானுடைய வீடு இரண்டு வருடமாக ஒழுங்காகிக்கொண்டே இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை, துல்லியோவே வாசலில் வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே விமானம்.

"அத்தான், கார் டிக்கியில வெச்சு மெதுவாத்தான் கொண்டுபோனேன். அந்தச் சர்ச் முன்னாடி இருக்கிற பள்ளம் காலை வாரிடுச்சு. மிதவையோட ஒரு கால் விட்டுப்போச்சு."

"நீயே ஒட்ட வேண்டியதுதானே?"

"என் கை தகரம் தட்டுற கை. இவ்வளவு சின்னதை எனக்கு ஒட்ட வராது. உங்களை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?"

இவ்வளவு சின்னதை ஒட்ட வராதவன் இந்த விமானத்தை எப்படிக் கட்டினான் என்று எர்மான்னோ அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். பொறாமைக்காரனுக்குக் காது மட்டும் அல்ல, புத்தியும் அடைத்துப்போகும். 'உங்களை விட்டா யாரு' என்றதை மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டார்.

துல்லியோ போனதும் லொரெதானா சமையலறையிலிருந்து வந்து விமானத்தையே பார்த்தாள்.

"சொட்டுப் பசையிலயா ஒட்டுவ?"

"வேற எதுல? காலைக்குள்ள காயணுமே."

"ஒட்டிட்டு மூடியைத் திறந்தே வெச்சிடு. பசையோட புகை உள்ள அடைஞ்சா வெள்ளை படிஞ்சிடும்."

எர்மான்னோ நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா சாப்பாட்டு மேசையில நீதானே சொல்லிட்டிருக்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

ஒட்டும் வேலை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையுறை போட்டு, ஊசி நுனியில் பசை எடுத்து, இடுக்கியால் காலைப் பிடித்து நிறுத்தினார். கொஞ்சமாக வைக்க வேண்டிய பசையை அவர் கொஞ்சமாக வைக்கவில்லை. பிறகு விமானத்தைப் பெட்டியில் வைத்தார். பக்கத்தில் மூடி. அறைக்குள் ஏரிக்காற்றின் ஈரம் இருந்தது, அதுவும் வெள்ளை படிவதற்குத் தோதானது என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வழியே இல்லாத அளவுக்குத் தெரியும். அந்த ஏழாம் எண்ணை ஒருமுறை பார்த்தார். மூடியை எடுத்து, நான்கு மூலையிலும் அழுத்தி மூடினார். போய்ப் படுத்தார். வெட்கமில்லாமல் நன்றாகத் தூங்கினார்.

காலையில் லொரெதானா காப்பி போடுகிற சத்தம் கேட்டதும் எழுந்துபோய் மூடியைத் திறந்தார். நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்திருந்தது. முகம் பார்க்கிற சிவப்பு எல்லாம் மங்கி, விமானியின் முன்கண்ணாடி குருடாகியிருந்தது. எர்மான்னோவுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது.

அப்போதுதான் ரேகைகளைப் பார்த்தார். பசைப்புகைக்கு ஒரு குணம் உண்டு. விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப்பசை இருந்தால் அங்கே போய் அடர்த்தியாக உட்காரும். சிவப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக விரல் ரேகைகள் எழும்பியிருந்தன. மிதவையில், இறக்கையின் அடியில், வாலுக்குப் பக்கத்தில், எண் எழுத எங்கே பிடிக்க வேண்டுமோ சரியாக அங்கே. தன்னுடையது இல்லை, அவர் கையுறை போட்டிருந்தார். துல்லியோவும் கையுறை இல்லாமல் பெயிண்ட் பக்கம் போகமாட்டான். அதோடு அவனுடைய கட்டைவிரல் இதைப்போல இரண்டு மடங்கு.

எல்லாக் கட்டைவிரல் ரேகையிலும் நடுவே ஒரு சின்னப் பொட்டு வெறுமையாக இருந்தது. அந்தப் பொட்டை அவருக்குத் தெரியும். குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது தையல் ஊசி லொரெதானாவின் கட்டைவிரலில் ஏறி மறுபக்கம் வந்த இடம் அது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அவர்தான்.

காப்பிப் பாத்திரத்தோடு லொரெதானா அறை வாசலில் நின்றாள். முதலில் விமானத்தைப் பார்த்தாள், பிறகு மூடியை.

"மறந்துட்டேன்" என்றார் எர்மான்னோ.

"நீயா? பசை விஷயத்துல நீ மறந்து நான் பார்த்ததில்ல."

எர்மான்னோ வால் பக்கத்து ரேகையைக் காட்டினார். "இது எல்லாம் நீதானா?"

"ஸ்ப்ரே பிடிக்க அவன் சொல்லிக்கொடுத்தான். மத்தது எல்லாம் நான். நேத்து உனக்குத் தெரியாம ஷெட்டுக்குப் போக வழியில்ல, அதான் அவன் உன்கிட்ட கொண்டுவந்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நாலு வருஷம் முன்னாடி, விமானியோட கழுத்துத்துணிக்கு மட்டும் நான் பெயிண்ட் அடிக்கட்டான்னு கேட்டேன். ஊசியைத் தன் கையிலயே ஏத்திக்கிட்டவ நீ, பிரஷ்ஷைத் தொடாதேன்னு சொன்ன. வீட்டுக்கு வந்த சங்கத்துக்காரங்க முன்னாடி சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க." பாத்திரத்தை மேசையில் வைத்தாள். "இன்னைக்கு ஜெயிச்சிருந்தா அங்கேயே எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன்."

எர்மான்னோ பாலிஷ் டப்பாவையும் துணியையும் அவசரமாக எடுத்தார். "ஒரு மணி நேரம் கொடு, துடைச்சிடலாம். கண்ணாடிக்கு மட்டும் துளி எண்ணெய் தடவினா..."

"தொடாதே" என்றாள் லொரெதானா. "துடைச்சா என் கை போயிடும்."

சிவப்பு விமானத்தை அப்படியே, எர்மான்னோவின் வெள்ளி நிற விமானத்தோடு போட்டிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கம் பந்துருட்டி விளையாடும் கூடத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. பழைய படகுக் கேப்டன் ரவாஸிதான் நடுவர். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் சிவப்பு விமானத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கோடு ஒவ்வொண்ணும் கத்தி மாதிரி இருக்கு. கண்ணாடி போச்சே, பாவி! பசை போட்டுட்டு எவன்யா இதை மூடினது?"

துல்லியோ எர்மான்னோவைத் திரும்பிப் பார்த்தான். எர்மான்னோ வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் அவரும் நினைத்தார்.

"நான்தான்" என்றாள் லொரெதானா. "தூசி விழும்னு மூடிட்டேன்."

மாடி முழுக்கச் சிரிப்பு. "குடை தைக்கிறவங்களைப் பக்கத்துல விடக்கூடாதுன்னு எர்மான்னோ அப்பவே சொன்னாரே" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். லொரெதானாவும் சிரித்தாள். எர்மான்னோ திறந்த வாயை மூடிக்கொண்டார். பத்தாவது முறையாகப் பரிசு அவருடைய வெள்ளி நிற விமானத்துக்குத்தான். கைதட்டியவர்களில் லொரெதானாவும் இருந்தாள், மற்றவர்களைப் போலவே தட்டினாள்.

சாயங்காலம் இருவரும் படகுத்துறைக்கு வந்தார்கள். எர்மான்னோ கையுறை போட்டுத் தன் விமானத்தைப் பேழைக்குள் வைத்துப் பூட்டினார். பெஞ்சில் லொரெதானா மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள், மூடி திறந்திருந்தது. பேழையின் கண்ணாடியில் அந்தச் சிவப்பு தெரிந்தது. அவ்வளவு வெள்ளைக்கு அடியிலும் ஏழாம் எண் நேராக நின்றது. அவர் வயிறு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை திட்டுவதற்கு மச்சானும் இல்லை.

"நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா."

"நாளைக்குப் போய்க் கேப்டன்கிட்ட சொல்றேன்."

"வேண்டாம். அடுத்த வருஷம் என் பேர்லயே வைக்கிறேன். அப்ப தெரிஞ்சுக்கட்டும்."

தன் குரலில் இருந்த கெஞ்சலை எர்மான்னோவே கேட்டார். "ஏதாவது ஒட்ட வேண்டியிருந்தா சொல்லு, நான்..."

"நானே ஒட்டிக்கிறேன்" என்று லொரெதானா எழுந்தாள். "உன்கிட்ட மட்டும் தரமாட்டேன்."