லீவு வாரம்

டீயில் சர்க்கரை போட்டிருந்தது. முதல் வாயிலேயே ஜெராக்ஸ்காரருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மடமடவென்று குடித்து முடித்துக் காலி டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ஏன் குடித்தாய் என்று கேட்க ஆளில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் வெள்ளைத் துணிக்குக் கீழே கிடந்தாள்.

அக்கா காலையில்தான் போனாள். தையல் மிஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே பலகை மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து அத்தான் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். வந்தவர் போனவரிடமெல்லாம் மனிதர் அந்த ஃபேனைப் பற்றியேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலிப்பதே தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்ல ஜெராக்ஸ்காரருக்கு வாய் வரவில்லை.

"நீங்களும் ஜாக்கிரதையா இருங்க தம்பி. உங்களுக்கும் அதானே?" மாடி வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "வெறும் வயித்துல வெந்தயம் ஊறப்போட்டுக் குடிங்க. எங்க வீட்டுக்காரருக்கு சட்டுனு இறங்கிடுச்சு."

"சரிங்க" என்றார். இந்த வெந்தயத்தை அவர் கேள்விப்படாத வருஷம் கிடையாது.

அப்பா விட்டுப்போன ஒரே சொத்து இந்தச் சர்க்கரைதான், பங்கு பிரிக்க வக்கீல்கூட வேண்டாம் என்று அக்கா சிரிப்பாள். ஊசி ஒரு விஷயமே இல்லை. ஓயாமல் அதையே நினைத்துக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்லும். கடையில் எவனாவது இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போடச் சொல்லி அவசரப்படுத்துவான். இவர் மனசு, போட்ட மருந்து போதுமா, தின்றது கூடிப்போச்சா, இந்தக் கை நடுக்கம் பசியா சர்க்கரை இறங்கிப்போச்சா என்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஒரு நாள் சர்க்கரை பார்க்கிற மிஷினைக் கழிவுத்தாள் பெட்டியில் வீசிவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்தார்.

"அலுத்துப்போச்சுக்கா. ஆனது ஆகட்டும்."

வேறு யாராக இருந்தாலும் கால் எடுத்தவர்கள் கதையை ஆரம்பித்திருப்பார்கள். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"எனக்கும்தான்டா. நாள் பூரா ஊசியோட குடும்பம் நடத்துறேன், என் விரல்ல குத்தணும்னா மட்டும் கை வரமாட்டேங்குது. ஒண்ணு பண்ணுவோமா? ஒரு வாரம் உனக்கு லீவு. உன் சர்க்கரைய நான் பாத்துக்கறேன். அடுத்த வாரம் எனக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. லீவில் இருப்பவர் கையை நீட்டினால் போதும். எவ்வளவு என்று கேட்கக் கூடாது, எதையும் ஞாபகம் வைக்கவும் கூடாது. சாப்பிடு என்றால் சாப்பிட வேண்டும், போதும் என்றால் எழுந்துவிட வேண்டும். கடை திறக்கப் போகும் வழியில் அவர் வருவார். முதலில் அவர் விரல், பிறகு ஊசியை மாற்றி அக்கா விரல். அந்த நேரம் பார்த்து அத்தான் வாசலுக்கு நழுவிவிடுவார். லைன்மேன், கரண்டுக் கம்பத்தில் அநாயாசமாக ஏறுகிற மனிதருக்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். "அக்கா தம்பி வெட்டுக்குத்து முடிஞ்சுதா?" என்று வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்.

இந்த வாரம் ஜெராக்ஸ்காரருக்கு லீவு. இரண்டு பேர் பாரத்தையும் அவள்தான் சுமந்தாள். நேற்று கையை நீட்டியபோது அவள் முகம் வெளுத்திருந்ததா? அவர் பார்க்கவில்லை. லீவில் இருக்கிறவன் எதற்குப் பார்க்கிறான்!

பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஒரு நிம்மதி. இனிமேல் கையை நீட்டு என்று சொல்ல யாரும் இல்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத ஆள். இன்றைக்கு விட்டுவிட்டால் நாளைக்கு விடுவது சுலபம், மறுநாள் அதைவிடச் சுலபம். தன்னைப் பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

"உள்ள வா."

அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சர்க்கரை மிஷின் இருக்கும் அக்காவின் பூப்போட்ட ஜிப் பை, இன்னொன்றில் ரொட்டித் துண்டுகள் வைத்த தட்டு.

"வேணாம் அத்தான். இன்னிக்குப் போயி..."

"இந்த வாரம் உனக்கு லீவுதானே? வாரம் இன்னும் முடியலியே."

சமையலறையில் அத்தான் குத்துகிற ஊசியை எடுத்து மைத்துனரின் விரலைப் பிடித்தார். ஊசி விரலருகே போய்ப் போய்த் திரும்பியது. நெற்றி முழுக்க வேர்வை.

"இரு... ஒரு நிமிஷம் இரு. குத்திடறேன்."

பெண்டாட்டியைக் கூடத்தில் கிடத்திவிட்டு இங்கே வந்து மல்லாடுகிற அந்த முகத்தைப் பார்க்க ஜெராக்ஸ்காரருக்குத் தாங்கவில்லை.

"குடுங்க அத்தான். நான் பாத்துக்கறேன்."

தானே குத்திக்கொண்டார். டீ தன் வேலையைக் காட்டியிருந்தது.

"நல்லதா கெட்டதா?" அத்தான் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கூடத்தான் இருக்கு. சரி பண்ணிடலாம்."

இன்சுலின் பேனாவைத் திருகி, சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டார். நின்றபடியே ரொட்டியைத் தின்றார். தண்ணீர் விட்டு இறக்கினார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ரத்தம் தொட்ட பழைய ஸ்ட்ரிப்பை மிஷினிலிருந்து உருவிப் போட்டது, ஊசியை மாற்றியது, புது ஸ்ட்ரிப்பைச் செருகியது. பீப் என்ற சத்தத்தோடு மிஷினின் திரையில் ஒரு சொட்டுப் படம் மினுக்கத் தொடங்கியது.

"அக்கா" என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூடத்தில் யாரோ நாற்காலிகளை ஒதுக்கினார்கள். வண்டி வந்துவிட்டது போல. சொட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது.

அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டார். பிறகு தன் கையை மிஷின் பக்கமாக நீட்டினார்.